எம்.எஸ்சி. கணிதம் படிக்க நினைக்கும் பட்டதாரி ஆசிரியர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாமில் மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் போதும். பக்கத்து மேசையிலிருந்து யாராவது வந்து உட்கார்ந்து, "சார், நீங்க எம்.எஸ்சி. கரஸ்லதானே முடிச்சீங்க?" என்று ஆரம்பிப்பார். (கரஸ் என்றால் தொலைநிலைக் கல்வி.) அப்புறம் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. ஒவ்வொரு வருஷமும் அதே கேள்விகள்தான், கேட்கிற முகம்தான் மாறுகிறது. அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். தமிழ்நாட்டு அரசு, உதவிபெறும் பள்ளிகளில் பட்டதாரி ஆசிரியராக இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது. மற்றவர்களுக்கும் பாதி பொருந்தும்.

"பத்தாம் வகுப்பு வரைக்கும்தானே எடுக்கிறேன். பி.எஸ்சி., பி.எட். போதாதா?"

வேலைக்குப் போதும். ஆறு முதல் பத்து வரை எடுக்கும் பட்டதாரி ஆசிரியருக்கு அரசு கேட்கும் பட்டங்கள் அவ்வளவுதான். டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வு தனி, அது பின்னால் வரும். பதினொன்று, பன்னிரண்டுக்குப் போக வேண்டும் என்றால் முதுகலை ஆசிரியர் பணியிடம். அதற்குக் கணிதத்தில் முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும். அந்தப் பணியிடங்களில் பாதி நேரடி நியமனத்துக்கு, பாதி பட்டதாரி ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கு. ஆகவே எம்.எஸ்சி. இருந்தால் உங்களுக்கு இரண்டு வாசல் திறக்கும்.

இது பேப்பரில் இருக்கும் பதில். என் சொந்தப் பதில் மூன்றாவது கேள்வியில் வரும்.

"எம்.எஸ்சி.யா, எம்.எட்.டா? எதை முதல்ல முடிக்கலாம்?"

கணித வாத்தியாருக்கு எம்.எஸ்சி.தான் முதலில். முதுகலை ஆசிரியர் ஆவதற்கு எம்.எட். தேவையில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை பார்க்க ஆசைப்பட்டால் எம்.எட். வேண்டும். அது 2015 முதல் இரண்டு வருஷப் படிப்பு, கல்லூரிக்கு நேரில் போய்ப் படிக்க வேண்டியது. வேலையில் இருப்பவருக்கு இதுவே பெரிய தடை.

எம்.எட்.டைக் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு குழந்தை ஏன் பின்னங்களைக் கூட்டும்போது மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டுகிறது என்பதை எம்.எஸ்சி.யில் எவரும் பேசமாட்டார்கள். கற்பித்தல் பக்கம் மனம் போகிறவர்கள் பி.எச்டி. பற்றிய கேள்வியையும் பாருங்கள்.

"டோபாலஜியை வெச்சுக்கிட்டு பத்தாம் வகுப்பில நான் என்ன சார் பண்றது?"

டோபாலஜியை வைத்து ஒன்றும் பண்ண முடியாது. எம்.எஸ்சி.யில் வரும் இன்னொரு பாடமான ஃபங்ஷனல் அனாலிசிஸும் அப்படித்தான். இதை மறைத்துப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள். ஜெர்மன் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் க்ளைன் 1908-லேயே இதைச் சொல்லிவிட்டார். பள்ளியிலிருந்து பல்கலைக்கழகம் போகிறவன் பள்ளிக் கணக்கை மறக்க வேண்டியிருக்கிறது. படித்துவிட்டு ஆசிரியராகத் திரும்பி வருகிறவன் பல்கலைக்கழகக் கணக்கை மறந்துவிடுகிறான். இதற்கு அவர் வைத்த பெயர் 'இரட்டை முறிவு'.

ஆனால் அல்ஜீப்ராவும் ரியல் அனாலிசிஸும் எண்ணியலும் வேறு கதை. பத்தாம் வகுப்பில் மட்டு எண்கணிதம், அதாவது வகுத்தால் வரும் மீதியை மட்டும் பார்க்கும் கணக்கு, இருக்கிறது. 2 × 3 உம் 2 × 0 உம் மட்டு 6-இல் ஒன்றுதான், ஆனால் இரண்டு பக்கமும் 2-ஐ அடித்தால் 3-உம் 0-உம் ஒன்றாகிவிடாது. மட்டு 7-இல் இந்தச் சங்கடமே வராது. ஏன்? புத்தகம் சொல்லாது. வளையம் (கூட்டவும் பெருக்கவும் முடிகிற அமைப்பு), புலம் (பூச்சியம் தவிர எதனாலும் வகுக்கவும் முடிகிற அமைப்பு) இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்து படித்தவர், 6-ஐச் சிறிய காரணிகளாக உடைக்க முடியும், 7-ஐ முடியாது என்பதிலிருந்து ஐந்து நிமிஷத்தில் பிள்ளைகளுக்குக் காட்டிவிடுவார். அதே மாதிரி, மைனஸ் இன்டு மைனஸ் ஏன் பிளஸ் என்று ஏழாம் வகுப்புப் பையன் கேட்டால், "அது ரூல்" என்பதற்குப் பதிலாக, (−1)-ஐ (−1 + 1) ஆல் பெருக்கிப் பார் என்று சொல்லலாம். விடை 0 ஆக வேண்டும். பங்கீட்டு விதி உடையக்கூடாது என்றால் (−1) × (−1) வேறு எதுவாகவும் இருக்க முடியாது.

கோணத்தை மூன்று சமமாகப் பிரித்துவிட்டேன் என்று யாராவது நோட்டோடு வருவது எல்லாப் பள்ளியிலும் நடப்பது. அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து 60 டிகிரியை மூன்றாக்க முடியாது என்று 1837-ல் பிரெஞ்சுக் கணித அறிஞர் வான்ட்ஸெல் நிரூபித்துவிட்டார். 20 டிகிரியின் கோசைனை 'க' என்று வைத்தால் அது 8க³ − 6க − 1 = 0 என்ற மூன்றாம் படிச் சமன்பாட்டில் வந்து நிற்கும். அந்தச் சமன்பாட்டுக்கு விகிதமுறு மூலம் கிடையாது. கவராயமோ வர்க்கமூலங்களை மட்டுமே எடுக்கும். இரண்டு, நான்கு, எட்டு என்ற படிகளில் மட்டுமே ஏறும், மூன்றில் நிற்காது. இவ்வளவு தெரிந்தால், பையனைத் திட்டாமல், அவன் படத்தில் தோராயம் எங்கே நுழைந்தது என்று அவனோடு உட்கார்ந்து தேடலாம்.

இப்போது என் கதை. நான் எம்.எஸ்சி. முடித்தது கைடு வைத்து. பத்து வருஷத்துக் கேள்வித்தாளைப் புரட்டி, திரும்பத் திரும்ப வரும் நிரூபணங்களை மனப்பாடம் செய்து, ரியல் அனாலிசிஸில் இரண்டு அரியர் வைத்து, பாஸ் பண்ணினேன். அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பில் முடிவிலாப் பெருக்குத் தொடரின் கூடுதல் நடத்தும்போது ஒரு மாணவி எழுந்து, "0.999... என்று போய்க்கொண்டே இருந்தால் ஒன்றைத் தொடுமா, தொடாதா?" என்று கேட்டாள். சூத்திரத்தில் போட்டு ஒன்று என்று காட்டினேன். "சூத்திரம் சரி சார், தொடுமா?" என்றாள். 'தொடுவது' என்று ஒன்றுமில்லை, அந்தப் புள்ளிகள் குறிக்கும் எண்ணே எல்லைதான் என்று சொல்லத் தெரியாமல் மணி அடிக்கக் காத்திருந்தேன். பட்டம் பணிப்பதிவேட்டில் ஏறிவிட்டிருந்தது, பாடம்தான் ஏறவில்லை. அதற்கப்புறம்தான் உண்மையில் படிக்க ஆரம்பித்தேன்.

"கரஸ் படிப்புக்கு மதிப்பு இருக்கா? ரெகுலர்னு சொன்னாதான் எடுப்பாங்களாமே?"

அங்கீகாரம் உள்ள தொலைநிலைப் பட்டத்தை ரெகுலருக்குச் சமமாகவே கருத வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., 2022-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அங்கீகாரம் என்பதுதான் இங்கே முக்கியம். பல்கலைக்கழகம் பெரிய பெயராக இருப்பது போதாது. நீங்கள் சேரும் ஆண்டில், அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு, யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் அனுமதி இருக்க வேண்டும். அவர்கள் இணையதளத்தில் பட்டியல் இருக்கும். பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கோப்பில் வைத்துவிடுங்கள். 2024 முதல் தொலைநிலைப் படிப்பில் சேர அங்கேயே ஓர் அடையாள எண் எடுக்க வேண்டும், அது இல்லாத சேர்க்கை செல்லாது.

சென்னை, மதுரை காமராசர், அண்ணாமலை, அழகப்பா போன்ற பல்கலைக்கழகங்கள் பல பத்தாண்டுகளாகத் தொலைநிலைக் கல்வி தருகின்றன. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-ல் வந்தது. இக்னோ எனும் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பயன்பாட்டோடு சேர்ந்த கணித எம்.எஸ்சி. இருக்கிறது. ஏதோ ஒரு வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டு, மாடிப்படிக்குக் கீழே 'ஸ்டடி சென்டர்' நடத்துகிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள். மாநிலப் பல்கலைக்கழகம் தன் எல்லைக்கு வெளியே இப்படி மையம் வைத்துக் கொடுத்த பட்டங்களால் பலர் அலைந்திருக்கிறார்கள்.

"ஹெச்.எம். கிட்ட வாயால சொல்லிட்டுச் சேர்ந்துட்டேன். பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உயர்கல்விக்கு முன் அனுமதி எழுத்தில் வேண்டும். தலைமை ஆசிரியர் வழியாக விண்ணப்பம் போய், உரிய அலுவலரின் செயல்முறை ஆணை வர வேண்டும். படிப்பின் பெயர், பல்கலைக்கழகம், கல்வியாண்டு மூன்றும் ஆணையில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். 'கணிதம்' என்பதற்குப் பதில் 'கணினி' என்று தட்டச்சாகி, அதைத் திருத்த ஒருவர் எட்டு மாதம் நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சேர்ந்தாயிற்று என்றால் இன்றைக்கே விண்ணப்பம் கொடுத்து, தாமதத்துக்கான காரணத்தையும் எழுதிக் கொடுங்கள். பின்னேற்பு, அதாவது சேர்ந்த பிறகு தரும் ஒப்புதல், கிடைப்பது அலுவலரைப் பொறுத்தது. படித்து முடித்ததும் பட்டம், மதிப்பெண் பட்டியல், உண்மைத்தன்மைச் சான்று எல்லாம் வாங்கிப் பணிப்பதிவேட்டில் பதிவு செய்வதும் உங்கள் வேலைதான். யாரும் தேடி வந்து பதியமாட்டார்கள்.

"காலேஜ் விட்டு பதினஞ்சு வருஷம் ஆச்சு. எல்லாம் மறந்துபோச்சு. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?"

மறக்கவில்லை, துருப்பிடித்திருக்கிறது. சேருவதற்கு மூன்று மாதம் முன்னாலேயே இரண்டு விஷயத்தைத் தொடுங்கள். ஒன்று, பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகம் முழுவதும், பயிற்சிகளோடு. சிரிக்காதீர்கள். அணித்தரம், கலப்பெண், வகைக்கெழுச் சமன்பாடு எல்லாம் கையில் திரும்ப வந்துவிடும். இரண்டு, நிரூபணம் எழுதும் பழக்கம். ஒரு தொடர்வரிசை ஒருங்குகிறது என்பதன் வரையறையைப் பார்க்காமல் எழுதி, அதன் மறுப்பையும் எழுதிப் பாருங்கள். "எல்லா", "ஏதேனும் ஒன்று" இரண்டும் எந்த வரிசையில் வருகின்றன என்பதில் தடுமாறினால், அங்கேதான் வேலை இருக்கிறது. நான் தடுமாறிய இடமும் அதுதான்.

தினம் ஒரு மணி நேரம், காலையில். சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வந்து லெபெக் அளவையைப் படிப்பேன் என்பது நடக்காது.

"நான் தமிழ் மீடியம். புத்தகமெல்லாம் இங்கிலீஷ். சமாளிக்க முடியுமா?"

முடியும். கணித நிரூபணத்தில் வரும் ஆங்கிலம் குறைவு. ஐம்பது சொல், பத்து வாக்கிய அமைப்பு. முதல் மாதத்தில் ஒரு நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் குலம், வளையம், புலம், எல்லை, தொடர்ச்சி என்று எழுதிக்கொள்ளுங்கள். நிரூபணத்தை முதலில் தமிழில் யாருக்காவது சொல்லிப் பாருங்கள், அப்புறம் ஆங்கிலத்தில் எழுதுங்கள். எந்த வரி புரியவில்லையோ அந்த வரியில் தமிழ் திக்கும்.

இதோடு ஒட்டிய இன்னொரு சந்தேகம்: தமிழ்வழி படித்தோருக்கான 20 சதவீத முன்னுரிமை. 2020 திருத்தத்துக்குப் பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பணிக்குக் கேட்கும் கல்வித்தகுதி வரை எல்லாவற்றையும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். முதுகலை ஆசிரியர் பணிக்கு எம்.எஸ்சி.யும் அதில் சேரும். பள்ளியில் மட்டும் தமிழ்வழி என்றால் கணக்கில் வராது.

"பரீட்சைக்கு லீவு எப்படி?"

தொடர்பு வகுப்புகள் பெரும்பாலும் சனி, ஞாயிறு. தேர்வு நாட்களுக்கு வருஷத்துக்கு உள்ள 12 சி.எல்.லை (தற்செயல் விடுப்பை) பதுக்கி வைப்பதுதான் எல்லோரும் செய்வது. சேர்வதற்கு முன்பே தேர்வு எந்த மாதம் என்று கேளுங்கள். மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வுப் பணியும் திருத்தும் பணியும் இருக்கும்போது உங்கள் தேர்வும் வந்தால் இரண்டிலும் தலைவலி.

தனியார் பள்ளியில் இருப்பவர்கள், "எங்களுக்கு சி.எல்.லே கிடையாது" என்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வது, நான்கு தாளை ஒரே பருவத்தில் எழுதியாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், இரண்டை அடுத்த தடவைக்கு ஒதுக்குங்கள். பதிவுக்காலம் அதற்கு இடம் தருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

"எம்.எஸ்சி. முடிச்சா ரெண்டு இன்க்ரிமென்ட் உண்டுதானே?"

இல்லை. உயர்கல்விக்காகத் தந்துவந்த முன் ஊதிய உயர்வு 2020 மார்ச் 10-ஆம் தேதி அரசாணையோடு நின்றுவிட்டது. 2023-ல் அதற்குப் பதிலாக ஒரே தடவை தரும் தொகை என்ற ஏற்பாடு வந்தது. மாதாமாதம் சம்பளத்தில் ஏறி ஓய்வூதியம் வரை தொடர்ந்த அந்தப் பழைய சலுகையோடு அதை ஒப்பிடவே முடியாது. பணத்துக்காக மட்டும் படிப்பதாக இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கணக்கு வாத்தியார்தானே நாம்.

"பட்டம் வாங்கின உடனே பதவி உயர்வு வந்துடுமா?"

பட்டம் உங்களைப் பட்டியலுக்குள் கொண்டுபோகும், முன்னால் தள்ளாது. பட்டியல் பணிமூப்புப்படி, ஜனவரி 1 நிலவரத்தை வைத்துத் தயாராகிறது. அந்தத் தேதிக்குள் தகுதி பெற்றுப் பணிப்பதிவேட்டில் ஏறியிருந்தால்தான் அந்த ஆண்டு பெயர் வரும். டிசம்பரில் தேர்வு எழுதி, பிப்ரவரியில் முடிவு வந்தால் ஒரு வருஷம் போயிற்று.

பட்டதாரி ஆசிரியருக்கு உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் என்று இன்னொரு பாதையும் உண்டு. உங்கள் மூப்பு எண்ணுக்கு எது முதலில் வரும், எதில் எத்தனை வருஷம் இருப்பீர்கள் என்று பார்த்து முடிவெடுங்கள். சில பேர் முதுகலைப் பதவி உயர்வை வாங்கி நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளிப் போய் உட்கார்ந்த பிறகுதான் இதை யோசிக்கிறார்கள்.

"பி.எஸ்சி. மேத்ஸ், ஆனா எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்சிருக்கேன். மேத்ஸ் பி.ஜி.க்குப் போகலாமா?"

போக முடியாது. நடத்தும் பாடத்தில் முதுகலை வேண்டும். படிப்பின் பெயர் 'கணிதம்' என்று இல்லாமல் வேறு மாதிரி இருந்தால் அதற்கு இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று சேருவதற்கு முன்பே பாருங்கள். மேலே சொன்ன இக்னோ படிப்புக்கும் இதே எச்சரிக்கைதான்.

"ஒரே நேரத்தில ரெண்டு டிகிரி படிக்கலாம்னு சட்டம் வந்துடுச்சே?"

2022 ஏப்ரலில் யு.ஜி.சி. அப்படி வழிகாட்டுதல் வெளியிட்டது உண்மை. ஒன்று நேரில், ஒன்று தொலைநிலையில் படிக்கலாம். இரண்டும் தொலைநிலையிலும் படிக்கலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முன் அனுமதி வேண்டும் என்பதை மறக்காதீர்கள். கணித எம்.எஸ்சி.யை வேலையோடு சேர்த்துப் படிப்பதே இடுப்பை ஒடிக்கும். கூடவே இன்னொன்று என்றால் நான் கைடு வைத்துப் பாஸ் பண்ணிய கதைதான் நடக்கும்.

"பதவி உயர்வுக்குக் காத்திருக்கிறதுக்குப் பதிலா பி.ஜி. டி.ஆர்.பி. எழுதட்டுமா?"

ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) முதுகலை ஆசிரியர் நேரடி நியமனத்துக்கு நடத்தும் தேர்வு அது. மூப்பு எண் பின்னால் இருக்கும் இளையவர்கள் கட்டாயம் எழுதுங்கள். மொத்தம் 150 மதிப்பெண்: பாடத்துக்கு 110, கல்வியியலுக்கு 30, பொது அறிவுக்கு 10. தனியாகத் தமிழ்த் தகுதித் தேர்வு உண்டு. அதில் தேறாவிட்டால் பாடத்தாளைத் திருத்தவே மாட்டார்கள்.

கைடு மனப்பாடம் இங்கே உதவாது. கொள்குறி வினா, 'கீழ்க்கண்டவற்றுள் எது எப்போதும் உண்மை' என்று கேட்பார்கள். நிரூபணம் தெரிந்தவரைவிட எதிர் உதாரணம் தெரிந்தவர் ஜெயிக்கும் தேர்வு அது. தொடர்ச்சியாக இருந்தும் வகையிட முடியாத சார்பு, ஆபீலியன் அல்லாத, அதாவது பெருக்கும் வரிசையை மாற்றினால் விடை மாறக்கூடிய, மிகச் சிறிய குலம் (ஆறு உறுப்புகள் கொண்டது), ஒருங்காத தொடர் ஆனால் உறுப்புகள் பூச்சியத்துக்குப் போவது என்று எதிர் உதாரணங்களுக்கு மட்டும் ஒரு நோட்டு போடுங்கள்.

"எம்.எஸ்சி. இருந்தா டெட் எழுத வேண்டாம்னு சொல்றாங்களே?"

தவறு. 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று முதல் எட்டு வரை எடுக்கும், பணியில் உள்ள ஆசிரியர்களையும் தகுதித் தேர்வு எழுதச் சொல்கிறது. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்தது. ஆறு, ஏழு, எட்டு எடுக்கும் பட்டதாரி ஆசிரியர் அதற்குள் வருவார். எம்.எஸ்சி. அதிலிருந்து யாரையும் காப்பாற்றாது. டெட் முடிக்காதவர்கள் முதலில் அதை முடியுங்கள்.

"அடுத்து எம்.பில். போடலாமா, நேரா பி.எச்டி.யா?"

எம்.பில். இனி கிடையாது. 2022 விதிமுறைகளில் யு.ஜி.சி. அதை நிறுத்திவிட்டது; ஏற்கெனவே வாங்கியவர்களின் பட்டம் செல்லும். பி.எச்டி.யைப் பகுதி நேரமாகச் செய்யலாம். எம்.எஸ்சி.யில் 55 சதவீதம், வேலை பார்க்கும் இடத்தின் தடையின்மைச் சான்று, குறைந்தது மூன்று ஆண்டு. இதே 55 சதவீதம்தான் நெட், செட் எனும் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வுகளை எழுதிக் கல்லூரிக்குப் போகவும் பொதுப்பிரிவில் கேட்பது. எம்.எஸ்சி. படிக்கும்போதே 'பாஸ் போதும்' என்று இருந்துவிட்டு, பிறகு 53-ஐ வைத்துக்கொண்டு வருந்துகிறவர்கள் நிறைய.

பள்ளி ஆசிரியருக்கு எனக்குப் பிடித்த வழி கணிதக் கல்வி ஆய்வு. மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில் அதற்கே பி.எச்டி. உண்டு. மேலே சொன்ன பின்னக் கூட்டல் பிழை மாதிரி விஷயங்கள் அங்கே ஆய்வுப் பொருள். இருபது வருஷம் விடைத்தாள் திருத்தியவரிடம் இருக்கும் சரக்கு வேறு எவரிடமும் இருக்காது.

"எனக்கு 52 ஆச்சு சார். டிகிரி வேண்டாம், பாடம் மட்டும் படிக்கணும். வழி இருக்கா?"

இந்தக் கேள்வி வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். வந்தால் டிபன் பாக்ஸை மூடிவிட்டுப் பேசுவேன். ஓய்வு வயது 60, இன்னும் எட்டு பேட்ச் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஸ்வயம், என்.பி.டி.இ.எல். தளங்களில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் கணிதப் பாடங்கள் இலவசம். தேர்வு எழுதிச் சான்றிதழ் வேண்டும் என்றால்தான் கட்டணம். அல்ஜீப்ரா ஒன்று, ரியல் அனாலிசிஸ் ஒன்று, இரண்டு மட்டும் எடுங்கள். மூன்றாவது கேள்வியில் சொன்ன எல்லாமே இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். 1965-ல் தொடங்கிய இந்தியக் கணித ஆசிரியர் கழகம் சென்னையில்தான் இருக்கிறது. அவர்களுடைய போட்டித் தேர்வுக் கணக்குகளைப் போட்டுப் பார்த்தாலே நமக்கு எது தெரியவில்லை என்று தெரிந்துவிடும்.

தனியாகப் படித்தால் நின்றுபோகும். எங்கள் ஊரில் நாங்கள் நான்கு பேர், இரண்டாம் சனிக்கிழமை காலையில் ஒருவர் வீட்டு மாடியில் கூடுகிறோம். வாரம் ஒரு கணக்கு என்று நான்கு கணக்கு, முன்கூட்டியே தெரியும். யார் கரும்பலகைக்குப் போவது என்று மட்டும் சீட்டுப் போட்டு எடுப்போம். போன மாதம் எனக்கு விழுந்தது. போட்டது தப்பு. டீ வருவதற்குள் கண்டுபிடித்துவிட்டார்கள்.